பிள்ளைக்குத் தடிமன்: சிங்க் போத்தலைத் திறக்க முன்னம்

ஏ9 வீதியோரத்தில் ஒரு பார்மசியில் 11 வருடம் நின்று மருந்து எடுத்துக் கொடுத்தவள் நான். மாரி தொடங்கிப் பனி முடியும் வரைக்கும், அதாவது ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும், கைப்பிள்ளையோடு வந்து நிற்கிற அம்மாமார் அடிக்கடி கேட்பது இதைத்தான்.

"அக்கா, பிள்ளைக்கு மூன்று நாளாய்த் தடிமன். சிங்க் பாணி ஒண்டு தாங்கோ."

யார் சொன்னது என்று கேட்டால் கனடாவில் இருக்கிற மச்சாள் போனில் சொன்னதாக இருக்கும், இல்லாவிட்டால் கொரோனாக் காலத்தில் அப்பாவுக்குக் கொடுத்த குளிசையின் ஞாபகமாக இருக்கும். சிலருடைய கையில் போத்தலே இருக்கும். பார்சலில் வந்தது, முழுக்க ஆங்கிலம். எத்தனை துளி விடுவது என்று மட்டும் கேட்பார்கள்.

முதற்பிள்ளை பெற்று, வன்னிப் பக்கத்து மாரியைப் பிள்ளையோடு முதல்முறை கடக்கப்போகிற அம்மா அப்பாவுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளை ஒரு வயதுக்குள் என்று வைத்துக்கொள்வோம். சிங்க் நல்லதா கெட்டதா என்பதைப் பிறகு பார்க்கலாம். போத்தலை இப்போதைக்கு அலுமாரிக்குள் வைத்துவிட்டு இங்கே வாருங்கள்.

முதலில் மூச்சை எண்ணுங்கள்

இருமல், தடிமன், மூக்கடைப்பு, நெஞ்சில் கரகரப்பு எல்லாம் பெரும்பாலும் வைரஸால் வருபவை. ஒரு கிழமை, பத்து நாளில் தாமாகவே போய்விடும். பயப்பட வேண்டியது தொற்று நுரையீரலுக்குள் இறங்கி நியூமோனியா ஆகும்போதுதான். இருமலின் சத்தத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. பெரிதாக இருமுகிற பிள்ளைக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், சத்தமே இல்லாத பிள்ளைக்கு நியூமோனியா இருக்கலாம். வீட்டில் உங்களால் பார்க்கக்கூடிய நல்ல அடையாளம் மூச்சு வேகம்.

எண்ணும் விதம் இதுதான். பிள்ளை நித்திரையாக அல்லது அமைதியாக இருக்கிற நேரம் பாருங்கள். அழுதுகொண்டோ பால் குடித்துக்கொண்டோ இருந்தால் கணக்குப் பிழைக்கும். சட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்கி விடுங்கள், வயிறும் விலாவும் தெரிய வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் கதவுப் பக்கம் திருப்பிப் படுக்க வையுங்கள். போனில் ஒரு நிமிடத்துக்கு அலாரம் வைத்து, வயிறு ஒருமுறை ஏறி இறங்குவதை ஒன்று என்று எண்ணுங்கள். 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக ஓடாது. கொஞ்சம் வேகமாகப் போகும், ஒரு கணம் நிற்கும், திரும்ப ஓடும். அதனால்தான் முழு நிமிடம். முடிந்ததும் வேறொருவரை எண்ணச் சொல்லுங்கள். இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒத்து வந்தால் அதை ஒரு தாளில் நேரத்தோடு எழுதுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை இது: 2 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு. காய்ச்சல் ஏறினாலும் மூச்சு கூடும் என்பது உண்மை. ஆனால் காய்ச்சலால்தான் என்று வீட்டில் இருந்து முடிவெடுக்காதீர்கள். அதை வைத்தியர் சொல்லட்டும்.

எண்ணும்போதே விலா எலும்புக்குக் கீழே, நெஞ்சும் வயிறும் சேருகிற இடத்தையும் பாருங்கள். பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு வெளியே வருவது வழக்கம். நெஞ்சின் கீழ்ப்பக்கம் வெளியே வராமல் குழியாக உள்ளே போனால் நுரையீரல் கஷ்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எண்ணிக்கை 48 ஆக இருந்தாலும் அந்தக் குழி விழுந்தால் காத்திருக்கக் கூடாது. கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் கவ்வுகிற ஒட்சிசன் மீற்றரை நம்பி இருக்க வேண்டாம். பெரியவர்களின் விரலுக்குச் செய்தது அது, கைப்பிள்ளையின் விரலில் சரியாகக் காட்டாது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் தங்கச்சி ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, வயல்பக்கம் இருக்கிறாள். அவளுடைய மகனுக்கு அப்போது 7 மாதம், மார்கழி மாதம். தடிமன் என்று போன் பண்ணினாள். கடையிலிருந்து ஒரு சிங்க் பாணிப் போத்தலை நான்தான் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். எதிர்ப்புச் சக்திக்கு நல்லது, கொடு என்று சொன்னதும் நான்தான். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை போனேன். "ராத்திரி முழுக்க இருமினவன், இப்பதான் அடங்கிப் படுத்திருக்கிறான்" என்றாள். யன்னல் கட்டையில் போத்தலும், பாணி காய்ந்து வெள்ளை வளையம் பிடித்த கரண்டியும் இருந்தன. பிள்ளையின் சட்டையைத் தூக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே என் பெருவிரல் அளவுக்குக் குழி விழுந்தது. எண்ணினேன், 64. திரும்ப எண்ணினேன், 66.

அவன் அடங்கிப் படுத்தது சுகம் வந்ததால் அல்ல. இருமுவதற்குக்கூடச் சக்தி இல்லை. மழைக்கு ஒரு பாலம் மூடியிருந்ததால் ஆட்டோ சுற்றுப்பாதையால் போனது. ஆசுப்பத்திரியில் ஒட்சிசன் வைத்து, ஊசி மருந்து போட்டு, ஆறு நாள் வைத்திருந்தார்கள். பிள்ளை சுகமாக வீடு வந்தான், இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அந்த மூன்று நாளில் சிங்க் அவனுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் ஏதோ மருந்து கொடுத்தாயிற்று என்ற நினைப்பில் வீட்டில் ஒருவரும் அவனுடைய நெஞ்சைப் பார்க்கவில்லை.

எப்போது வெளிக்கிட வேண்டும்

வேக மூச்சு அல்லது நெஞ்சுக்குழி இருந்தால் அன்றைக்கே. பால் குடிக்க மாட்டாமல் விட்டால், குடித்ததெல்லாம் சத்தி எடுத்தால், வலிப்பு வந்தால், தட்டி எழுப்பியும் முழிக்காமல் துவண்டு கிடந்தால், உதடு நீலம் பாய்ந்தால், அமைதியாக இருக்கும்போதே மூச்சு இழுக்கையில் தொண்டையில் கிர் என்று சத்தம் வந்தால் அந்த நிமிடமே. 2 மாதம் ஆகாத பிள்ளைக்குக் காய்ச்சலோ, உடம்பு வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்து போவதோ, பால் குடிப்பது குறைவதோ இருந்தால் எண்ணிக்கை என்னவாக இருந்தாலும் ஆசுப்பத்திரிதான்.

வன்னியில் இருக்கிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பொழுதுபட்டால் உள்வீதிகளில் யானை நிற்கும், மழைக்குக் குளத்து வான் பாய்ந்து பாதை மூடும், ஆட்டோக்காரத் தம்பி போன் எடுக்க மாட்டார். ஆகவே விடிய ஒருமுறை, பின்னேரம் நாலு மணிக்கு ஒருமுறை எண்ணுங்கள். நாலு மணிக்குச் சந்தேகம் வந்தால் வெளிச்சம் இருக்கும்போதே போய்விடலாம். இரவு பத்து மணிக்கு வரும் சந்தேகம் மிகவும் கஷ்டமானது. அப்படி வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள், 1990க்கு எடுங்கள். சுவசெரிய ஆம்புலன்ஸுக்குக் காசு இல்லை. நேராகப் பெரிய ஆசுப்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. மல்லாவியோ மாங்குளமோ புதுக்குடியிருப்போ, எது கிட்டவோ அங்கே போங்கள். தேவைப்பட்டால் அவர்களே ஒட்சிசனோடு கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வவுனியாவுக்கோ அனுப்புவார்கள்.

மூச்சு சரி என்றால்

அப்படியானால் வீட்டு வேலை தொடங்குகிறது. பால்தான் முதல் மருந்து. மூக்கடைத்த பிள்ளையால் ஒரேயடியாக நெடுநேரம் குடிக்க முடியாது, மூச்சுக்காக விட்டுவிட்டுக் குடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். 6 மாதம் ஆகாத பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிரச் சுடுதண்ணியும் வேண்டாம், ஓமத்தண்ணியும் வேண்டாம். பால் கொடுக்க முதல், பார்மசியில் விற்கும் உப்புநீர்த் துளியை மூக்குக்கு ஒவ்வொரு துளி விட்டு, இளகி வந்ததை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டால் நன்றாகக் குடிக்கும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் பாணி, பிள்ளையின் எடைக்கு எவ்வளவு என்று கேட்டுத்தான். போன வருடம் எழுதித் தந்த அளவு இந்த வருடம் சரிவராது.

செய்யக் கூடாதவற்றைச் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் தயக்கம், ஏனென்றால் இவற்றைச் செய்வது பிள்ளையில் உயிரை வைத்திருக்கிற அம்மம்மாவும் அப்பம்மாவும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மூக்கில் எண்ணெய் விடுவது, நெய் தடவுவது வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே ஒரு வகை நியூமோனியாவைக் கொண்டுவரும். முழுகவார்த்து விட்டுச் சாம்பிராணிப் புகை காட்டுவது, பிள்ளை படுக்கிற அறையில் நுளம்புத்திரி கொளுத்துவது, அடுப்படிப் புகைக்குள் மடியில் வைத்துக்கொண்டு புட்டு அவிப்பது, இவை எல்லாம் ஏற்கனவே வீங்கியிருக்கிற மூச்சுக்குழாயை இன்னும் வீங்க வைக்கும். வேது பிடிக்கக் கொதிதண்ணிச் சட்டியைப் பக்கத்தில் வைத்து வெந்துபோன பிள்ளைகளும் உண்டு. ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் நாக்கில் தடவக் கூடாது, காட்டுத்தேன் என்றாலும் கூடாது. கற்பூரம் சேர்ந்த தைலமும் கடையில் விற்கும் இருமல் பாணியும் 2 வயது வரைக்கும் வேண்டாம். அம்மம்மாவிடம் இதைச் சொல்லும்போது "நீங்கள் எங்களை வளர்க்கவில்லையா" என்ற சண்டை வரும். கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மிட்வைஃப் மிஸ் சொன்னால் கேட்பார்.

இனி அந்தப் போத்தல்

பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாகம் என்று படித்ததுதான் சிங்க். மீள்குடியேறிய காலத்தில் நாங்கள் எல்லாரும் படுத்தெழும்பிய தகரக் கொட்டில்களின் தகரத்தில், துரு ஏறாமல் இருக்கப் பூசியிருந்த உலோகமும் அதுதான். உடம்புக்கு மிகக் கொஞ்சம் வேண்டும், ஆனால் சேர்த்து வைக்க உடம்புக்குத் தெரியாது. நாளாந்தம் சாப்பாட்டில் வர வேண்டும். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் வளர்வதற்கும், மூச்சுக்குழாயின் உட்தோலும் குடலின் உட்தோலும் பழுதுபட்டால் திரும்ப வளர்வதற்கும் அது தேவை. பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற வைத்தியர் 1958இல் ஈரானுக்கு வேலைக்குப் போனபோது, 21 வயதிலும் பத்து வயதுப் பையன் மாதிரி இருந்த ஒருவரைப் பார்த்ததிலிருந்துதான், மனிதருக்குச் சிங்க் குறைந்தால் என்ன ஆகும் என்ற கதையே தொடங்கியது. அங்கே புளிக்க வைக்காத ரொட்டிதான் முக்கிய சாப்பாடு. தானியத்தில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் சிங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புக்கு விடாது. இதை மனதில் வையுங்கள், எங்களுடைய குரக்கனுக்கும் பயறுக்கும் இதே கதைதான்.

சிங்க் குறைந்த பிள்ளைக்கு நோய் அடிக்கடி வரும் என்பதால், எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தால் நியூமோனியா குறையாதா என்று பல நாடுகளில் பார்த்தார்கள். 1999இல் அப்படியான ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, நாளாந்தம் சிங்க் எடுத்த பிள்ளைகளுக்கு நியூமோனியா 41 சதவீதம் குறைவு என்று வந்தது. நம்பிக்கை பிறந்தது இதிலிருந்துதான், வெளிநாட்டு மச்சாள் சொல்வதற்கும் வேர் இங்கேதான். 2010இல் காக்ரேன் என்ற, உலகம் முழுவதிலும் இருந்து மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் அமைப்பு கணக்கெடுத்தபோது, புதிதாக நியூமோனியா வருவது 13 சதவீதம் குறைந்ததாகத் தெரிந்தது. 2014இல் அதே அமைப்பு 80 ஆய்வுகளை, 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தது. நுரையீரல் தொற்று வருவதில் வித்தியாசம் இல்லை. வயிற்றோட்டம் ஓரளவு குறைந்தது, சத்தி கூடியது. இந்தக் கடைசிக் கணக்கு 6 மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கானது.

நியூமோனியா வந்துவிட்ட பிள்ளைக்கு, மருந்தோடு சேர்த்துச் சிங்கும் கொடுத்தால் கெதியாகச் சுகம் வருமா? வங்காளதேசத்தில் மட்லாப் ஆசுப்பத்திரியில் 270 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு, 2004இல் வெளிவந்தது, வரும் என்றது. ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாகச் சுகம். எங்களுடைய ஆட்கள் பலர் சிகிச்சைக்குப் போகும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில் அப்படிப் பயன் எதுவும் தெரியவில்லை. பின்னால் வந்த தொகுப்பும் வேலூர்ப் பக்கமே நின்றது. அதனால் நியூமோனியாவுக்குச் சிங்க் கொடு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதில்லை. அதற்கு மருந்து வைத்தியர் எழுதுகிற அன்ரிபயோரிக், தேவைப்பட்டால் ஒட்சிசன். சாதாரணத் தடிமனுக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு வைரஸால் வருகிற மூச்சு இழுப்புக்கும் சிங்க் மருந்து அல்ல.

என்னுடைய முடிவு இது. சத்துக்குறைவான, எடை ஏறாத பிள்ளைக்குச் சிங்க் தேவைப்படலாம், அதை எடை நிறுத்துப் பார்க்கிற கிளினிக் சொல்லட்டும். நல்லாய்ச் சாப்பிட்டு எடை ஏறிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு, மாரிக்கு முன்னேற்பாடாகப் போத்தல் வாங்குவது வீண்செலவு.

சிங்க் கொடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு

அது வயிற்றோட்டம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004இல் சேர்ந்து சொன்ன அளவு: 6 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு நாளுக்கு 10 மில்லிகிராம், 6 மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் வரை. ஜீவனி என்ற உப்பு-சீனிக் கரைசல் கொடுப்பதோடு சேர்த்துத்தான், அதற்குப் பதிலாக அல்ல. மாரியில் கிணறு நிரம்பிக் கலங்குகிற காலத்தில் தடிமனும் வயிற்றோட்டமும் ஒன்றாகவே பிள்ளைக்கு வரும். அப்போது வைத்தியர் சிங்க் எழுதினால் அது வயிற்றோட்டத்துக்கு என்று விளங்கிக்கொள்ளுங்கள். அடுத்தமுறை வெறும் தடிமனுக்கு மிச்சப் போத்தலை எடுக்க மாட்டீர்கள்.

கரைகிற குளிசையாகத் தந்தால் கொடுப்பது சுகம். ஒரு தேக்கரண்டியில் கொதித்தாறிய தண்ணியோ, பிழிந்தெடுத்த தாய்ப்பாலோ எடுத்து அதற்குள் குளிசையைப் போடுங்கள். கையால் நசுக்க வேண்டாம். ஓரம் நுரைத்து உதிரத் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் மா மாதிரிக் கரைந்துவிடும். கரண்டியை மெல்லச் சுழற்றி, கீழே தங்கியதையும் சேர்த்துக் கொடுங்கள். 10 மில்லிகிராம் என்றால் 20 மில்லிகிராம் குளிசையை நடுக்கோட்டில் பாதியாக உடைத்து ஒரு பாதி. வாயில் தகரச் சுவை அடிக்கும், பிள்ளை முகத்தைச் சுளிக்கும். வெறும் வயிற்றில் கொடுத்தால் சத்தி வரலாம், ஆகவே பாலோ சாப்பாடோ கொடுத்த பிறகு கொடுங்கள். அரை மணித்தியாலத்துக்குள் எல்லாவற்றையும் சத்தி எடுத்தால் அந்த வேளை மருந்தை ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம். வயிற்றோட்டம் மூன்றாம் நாள் நின்றாலும் எழுதித் தந்த நாள் முழுவதும் கொடுத்து முடியுங்கள். குடலின் உட்தோல் திரும்ப வளர அந்த நாட்கள் வேண்டும்.

பார்சலில் வந்ததை வாசிப்பது

முதலில் யாருக்குச் செய்தது என்று பாருங்கள். வெளிநாட்டுக் குளிசைகள் பல 25 அல்லது 50 மில்லிகிராம், பெரியவர்களுக்கு. ஏழு மாதத்திலிருந்து ஒரு வயது வரையான பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 3 மில்லிகிராம்தான். நாள்தோறும் தொடர்ந்து எடுக்கக்கூடிய உச்ச அளவாக அமெரிக்காவில் வைத்திருப்பது 6 மாதம் வரை 4 மில்லிகிராம், ஒரு வயது வரை 5, மூன்று வயது வரை 7. வயிற்றோட்டத்துக்கு 20 மில்லிகிராம் கொடுப்பது ஏன் என்று கேட்பீர்கள். அது இரண்டு கிழமையோடு நிற்கிற சிகிச்சை. மாதக்கணக்கில் கூடுதலாகப் போனால் சிங்க், செம்புச்சத்தை உடம்பு உறிஞ்ச விடாது. அதனால் இரத்தச்சோகை வரலாம், வெள்ளணுக்களும் குறையலாம். எதிர்ப்புச் சக்திக்கென்று கொடுத்தது எதிர்ப்புச் சக்தியையே குறைத்ததாக முடியும்.

அடுத்தது, எழுதியிருக்கிற எண் சிங்கின் அளவா, சிங்க் உப்பின் அளவா என்பது. சிங்க் சல்பேட் மொனோஹைட்ரேட் 55 மில்லிகிராம் என்று இருந்தால் அதில் சிங்க் ஏறத்தாழ 20. சிங்க் குளுக்கோனேட் 50 என்று இருந்தால் அதில் சிங்க் ஏறத்தாழ 7. பாணியும் ஒரே கனத்தில் வருவதில்லை. ஒரு போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம், பக்கத்துப் போத்தலில் அதே 5 மில்லிலீற்றருக்கு 20. போனமுறை ஒரு கரண்டி கொடுத்தேன் என்ற கணக்கு இங்கே இரட்டிப்பாகிவிடும். வாசித்து விளங்காவிட்டால் போத்தலையே பார்மசிக்குக் கொண்டு வாருங்கள், படம் எடுத்து வந்தாலும் காணும். பெரியவர்கள் சூப்புகிற இனிப்பு மாதிரியான சிங்க் வில்லைகள் பிள்ளையின் தொண்டையில் சிக்கும். மூக்குக்குள் அடிக்கிற சிங்க் மருந்து யாருக்குமே வேண்டாம். மணம் தெரியாமலே போய்விட்டது என்று பலர் முறையிட்டதால், 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு எச்சரிக்கை விட்டது.

கிளினிக்கில் 6 மாதம் ஆனதும் சாப்பாட்டில் தூவத் தருகிற நுண்சத்துத் தூளின் பக்கற்றையும் வாசியுங்கள். அப்படியான தூளில் இரும்போடு சிங்கும் இருப்பது வழக்கம். அதைக் கொடுத்துக்கொண்டே போத்தலும் கொடுத்தால் இரண்டு தடவை கொடுக்கிறீர்கள்.

சட்டியில் இருக்கிற சிங்க்

எனக்கு எழுத ஆசையான பகுதி இதுதான். 6 மாதம் வரை தாய்ப்பால் போதும். அதில் இருக்கிற சிங்கைப் பிள்ளையின் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு பாலில் சிங்க் குறைந்துகொண்டு போகும், பிள்ளையின் தேவை குறையாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் சோறு ஊட்டுகிறோம். ஆனால் எங்களூரில் பிள்ளையின் முதல் சாப்பாடு சோறும் பருப்புத் தண்ணியும், அதோடு பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் தோய்த்து ஒரு வாய். பருப்பைப் பிசையாமல் தண்ணியை மட்டும் கொடுத்தால் அதில் சத்து என்று ஒன்றும் பெரிதாக இல்லை. தேத்தண்ணி இரும்பையும் உடம்பில் சேர விடாது.

இறைச்சியிலும் ஈரலிலும் சிங்க் அதிகம், அதை உடம்பு சுலபமாக எடுக்கும். மாட்டிறைச்சி புழங்காத வீட்டில் ஆட்டு ஈரல் இருக்கிறது, கோழியின் தொடைப்பக்கம் இருக்கிறது. நெருப்புப்பெட்டி அளவு ஈரலை நன்றாக அவித்து, அம்மியில் மைபோல் அரைத்துச் சோற்றோடு குழைத்தால் பிள்ளைக்குத் தெரியாமலே இறங்கும். கிழமைக்கு ஒருமுறை காணும். ஈரலில் விற்றமின் ஏ மிக அதிகம் என்பதால் நாளாந்தம் வேண்டாம். நந்திக்கடலும் கொக்கிளாயும் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நண்டு ஒரு கொடை. நண்டுச் சதையில் சிங்க் நிறைய. முதல்முறை கொடுக்கும்போது உழுந்தளவு கொடுத்து இரண்டு நாள் பாருங்கள், சில பிள்ளைகளுக்குத் தடிக்கும். குளத்து மீனில் சிங்க் அவ்வளவு இல்லை, ஆனால் முள் மெதுவான சின்ன மீனை முழுசாக அவித்து அரைத்தால் சதையை மட்டும் கொடுப்பதைவிட நல்லது. முட்டையின் மஞ்சளும் சேரும்.

மரக்கறிக்கார வீடுகள் பயற்றிலும் கௌபியிலும் குரக்கனிலும்தான் எடுக்க வேண்டும். ஈரான் கதையில் சொன்ன ஃபைட்டேட் இங்கே குறுக்கே நிற்கும். அதை வெல்லுகிற வழி எங்களுடைய ஆச்சிமாருக்கு முன்னமே தெரியும். பயற்றை இரவு ஊறவைத்து, தண்ணியை ஊற்றி, ஈரத்துணியில் கட்டி ஒரு நாள் வைத்தால் வெள்ளை முளை விடும். முளைக்கும்போது ஃபைட்டேட் உடைந்து சிங்க் விடுபடும். முளைத்ததை வெயிலில் காயவைத்து, மெல்லிய சூட்டில் வறுத்து இடித்து மாவாக்கினால் ஒரு கிழமைக்குக் கஞ்சி. குரக்கனையும் அப்படியே முளைக்கவைத்துச் செய்யலாம். கடையில் சத்துமா வாங்குவதைவிட இதற்குச் செலவு குறைவு. புளித்த மாவில் சுட்ட தோசைக்கும் இதே நன்மை உண்டு. எடை குறைந்த பிள்ளைக்குக் கிளினிக்கில் திரிபோஷ என்ற சத்துமா தந்தால் அதைப் பிள்ளைக்கே கொடுங்கள். வீட்டில் எல்லாருக்கும் உருண்டை பிடித்து முடித்துவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது இரண்டு நாள் சாப்பாடுதான்.

தடுப்பூசியைப் பற்றி ஒரு வார்த்தை. 2, 4, 6 மாதங்களில் போடுகிற ஐந்துநோய்த் தடுப்பூசியில், நியூமோனியாவைக் கொண்டுவரும் ஹிப் என்ற கிருமிக்கான மருந்தும் இருக்கிறது. இலங்கையில் அது 2008இலிருந்து இலவசம். குக்கலுக்கான மருந்தும் அதில் உண்டு. 9 மாதத்தில் சின்னமுத்துக்குப் போடுவதையும் தவறவிடாதீர்கள், சின்னமுத்தின் பின்னால் நியூமோனியா வரும். லேசான தடிமன் என்பதற்காக ஊசித் திகதியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, கூட்டிக்கொண்டு போய் அங்கே கேளுங்கள்.

ஆசுப்பத்திரிக்கு வெளிக்கிடுகிற நாள் வந்தால் கொண்டு போக வேண்டியவை: பிள்ளையின் கிளினிக் கொப்பி, மூச்சு எண்ணி நேரத்தோடு எழுதிய தாள், வீட்டில் கொடுத்த எல்லா மருந்தும் போத்தலோடு, சிங்க் உட்பட. எத்தனை நாள், நாளுக்கு எத்தனை கரண்டி என்று கேட்பார்கள். கரண்டியையும் பையில் போடுங்கள், ஒரு வீட்டுக் கரண்டி போல இன்னொரு வீட்டுக் கரண்டி இருப்பதில்லை. போகிற வழியில் பிள்ளை குடித்தால் பால் கொடுங்கள், படுக்கப்போடாமல் நெஞ்சோடு நிமிர்த்திப் பிடியுங்கள், ஆட்டோவின் மழைப்படங்கில் காற்று வர ஒரு பக்கத்தைக் கொஞ்சம் திறந்து விடச் சொல்லுங்கள்.